மைக் ஆன்ல இருக்கு... அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர்கள் சிக்குவது எங்கே?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி ஒரு சீசனுக்கு 162 போட்டிகள் ஆடும். கிட்டத்தட்ட தினமும் மேட்ச். இதில் பெரும்பாலானவற்றை ஒளிபரப்புவது அந்தந்தப் பகுதி சேனல்கள்தான். நம்ம ஐபிஎல் மாதிரி ஒரே குழு எல்லா அணிகளுக்கும் மாறி மாறிப் பேசாது. ஒரே அணி, ஒரே குரல், வருஷக்கணக்கில். கேட்பவர்களுக்கு அவர் வீட்டு மனிதர் மாதிரி. பந்துக்கும் பந்துக்கும் நடுவே நிறைய நேரம் இருக்கும், அதை அரட்டைதான் நிரப்பும். வாய் தவறுவதும் அங்கேதான்.

2020 ஆகஸ்ட் 19. சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் வர்ணனையாளர் தாம் பிரென்னமன், மைக் ஆனில் இருப்பது தெரியாமல் தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் சொல்லைப் பயன்படுத்தினார். அன்றே, அடுத்த ஆட்டத்தின் நடுவில் நேரலையில் மன்னிப்புக் கேட்டார். பாதி மன்னிப்பில் நிக் காஸ்டெயானோஸ் ஒரு ஹோம் ரன் அடிக்க, மன்னிப்பை நிறுத்திவிட்டு ஸ்கோரைச் சொன்னார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மீம் உலகத்துக்கு அது பெரிய விருந்து. ஆனால், அந்தச் சொல் யாரைக் காயப்படுத்தியதோ, அவர்கள் பேச்சே அந்த மீம்களில் இல்லை. அடுத்த மாதம் பிரென்னமன் ராஜினாமா செய்தார்.

பிரென்னமனுக்காவது மைக் ஆனில் இருப்பது தெரியாது. ஓராண்டு கழித்து டெட்ராய்ட்டில் நடந்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை. ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓடானி பேட் செய்ய வந்தபோது, டைகர்ஸ் அணியின் முன்னாள் பிட்சரும் வர்ணனையாளருமான ஜாக் மோரிஸ், ஆசியர்களின் ஆங்கில உச்சரிப்பைக் கிண்டலடிப்பதுபோலப் பேசினார். ஜோக்தானே என்று கடந்துபோக முடியாத ஊர் அது. ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்ற கோபம் கொதித்த 1982-ல், வின்சென்ட் சின் என்ற சீன அமெரிக்க இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டது டெட்ராய்ட் பகுதியில்தான். போதாததற்கு, கொரோனாவைக் காரணம் காட்டி ஆசியர்கள் தாக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டு 2021. மோரிஸ் அதே ஆட்டத்தில் மன்னிப்புக் கேட்டார். சஸ்பெண்ட் ஆகி, பாரபட்சம் குறித்த பயிற்சி முடித்து, சில வாரங்களில் திரும்பினார்.

2023 மே மாதம் ஓக்லாந்து அணியின் கிளென் கைப்பர், நிறவெறியால் ஒதுக்கப்பட்ட கறுப்பின வீரர்களின் லீக்குகளுக்கான மியூசியத்துக்குப் போய்வந்ததைப் பாராட்டிப் பேசும்போதே, அதன் பெயரில் இருந்த சொல் இனவெறி வசைச்சொல்லாக ஒலித்தது. உச்சரிப்புப் பிழை என்றார். சேனல் அவரை நீக்கியது. நோக்கம் வேறாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைச் சுமந்தவர்களுக்கு அது வெறும் உச்சரிப்பு விவகாரம் இல்லையே!

சரி, பொறுப்பில்லாமல் பேசினால்தான் தண்டனையா? அங்கேதான் ட்விஸ்ட். அதே 2023-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் வர்ணனையாளர் கெவின் பிரவுன், டாம்பா பே அணியின் மைதானத்தில் ஓரியோல்ஸ் முந்தைய ஆண்டுகளில் திணறியதையும், இந்த முறை நிலைமை மாறியிருப்பதையும் சொன்னார். எல்லாம் சரியான தகவல். அணிக்குப் பாராட்டும்கூட. அதற்காக அவர் ஒளிபரப்பிலிருந்து ஓரங்கட்டப்பட்டதாக ஆகஸ்டில் செய்தி கசிந்தது. அந்த சேனலின் பெரும்பங்கு உரிமையாளராக அப்போது இருந்ததே ஓரியோல்ஸ்தான் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

மற்ற அணிகளின் வர்ணனையாளர்கள் நேரலையிலேயே பிரவுனுக்காகக் குரல் கொடுத்தார்கள். ரசிகர்கள் மைதானத்தில் கோஷம் போட்டார்கள். ஆகஸ்ட் 11-ல் பிரவுன் மைக்குக்குத் திரும்பினார். அந்த சீசனில் ஓரியோல்ஸ் 101 போட்டிகளில் வென்றது. அந்தப் புள்ளிவிவரத்தைச் சொல்ல யாருக்கும் தடை இருக்கவில்லை.