கட்டியோடு நின்றுவிடும் கதிர்!

அணுகுண்டு செய்ய உழைத்த ஒருவர், மனித உயிரைக் காக்கவும் வழி சொன்னார்!

அவர் பெயர் ராபர்ட் வில்சன். அமெரிக்க விஞ்ஞானி. இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். போர் முடிந்தபின், 1946-ம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். புரோட்டானைக் கொண்டு புற்று நோயைத் தாக்கலாம் என்று அதில் விளக்கினார்.

புரோட்டான் என்றால் என்ன?

தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் நடுவில் உள்ள கருதான் புரோட்டான். கண்ணுக்குத் தெரியாத துகள். இதை ராட்சத எந்திரத்தில் சுழல விடுகிறார்கள். விநாடிக்கு 1 லட்சம் கிலோ மீட்டருக்கும் அதிகமான வேகம் பிடிக்கிறது! பிறகு, கட்டியைக் குறி பார்த்துச் செலுத்துகிறார்கள்.

இரண்டு ரெயில்கள்

எக்ஸ்ரே கதிர், நிற்காமல் ஓடும் ரெயில் போன்றது. கட்டியைத் தாக்கும், ஆனால் அதோடு நிற்காது. உடலின் மறுபக்கம் வழியாக வெளியேறும். வழியில் உள்ள நல்ல உறுப்புகளும் அடிபடும்.

புரோட்டானோ, குறித்த ஸ்டேஷனில் நின்றுவிடும் ரெயில். வேகமாகப் போகும்போது கொஞ்சம் சக்தியைத்தான் வழியில் விடும். நிற்கும் இடத்தில் மீதியைக் கொட்டித் தீர்த்துவிடும். அங்குள்ள புற்று நோய்ச் செல்கள் பெருக முடியாமல் அழியும். அதற்கு அப்பால் ஏறக்குறைய ஒன்றும் போகாது. வேகத்தைக் கூட்டிக் குறைத்து, நிற்கும் ஆழத்தை டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு நன்மை

சில மூளைக் கட்டிகளுக்கு முதுகுத்தண்டு முழுவதும் கதிர் கொடுக்க வேண்டும். எக்ஸ்ரே என்றால் முதுகில் நுழைந்து இருதயம், குடல் வரை பாயும். புரோட்டான் முதுகெலும்போடு நின்றுவிடும். வளரும் பிள்ளை அல்லவா? இன்று இருதயத்தில் படும் கதிர், பல ஆண்டுகள் கழித்தும் தொல்லை தரலாம்.

சென்னைக்கும் வந்தது

1954-ல் அமெரிக்காவில் பெர்க்கிலி நகர ஆராய்ச்சிக் கூடத்தில் முதல் நோயாளிக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. 1990-ல் லோமா லிண்டா நகரில் ஆஸ்பத்திரியிலேயே எந்திரம் அமைத்தார்கள். இந்தியாவில் முதல் புரோட்டான் சிகிச்சை நிலையம் 2019-ல் சென்னையில் தொடங்கியது.

எல்லோருக்கும் ஏற்றதா?

இல்லை. உடல் முழுவதும் பரவிவிட்ட நோயை இது தீர்க்காது. செலவும் அதிகம். பலருக்கு எக்ஸ்ரே சிகிச்சையே போதும். எது ஏற்றது என்பதைப் புற்று நோய் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கட்டி ஓரிடத்தில் இருக்கும்போதுதான் குறி வைக்க முடியும். ஆகவே, ஆறாத புண்ணோ, புதிய கட்டியோ தெரிந்தால் நாள் கடத்தாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.