பொய் காட்டும் யந்திரம்

தாம்பரம் சானடோரியத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-ல் க்ஷயரோக வைத்தியசாலையை ஸ்தாபித்தார் என்பது நேயர்கள் அறிந்ததே. இன்றும் அங்கே சளியைப் பரீக்ஷித்து வியாதியைத் தீர்மானிக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் கிருமி தென்படவில்லை என்பதற்காக நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. எக்ஸ்ரே எடுப்பார்கள், கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். ஒரு சோதனையின் பிழையை மற்றொன்று திருத்துகிறது. 1882-ல் ராபர்ட் காக் கண்டறிந்த கிருமி என்னும் ஸ்தூலமான வஸ்து இருப்பதாலேயே இது ஸாத்தியமாகிறது.

போலீஸார் நாடும் ‘பாலிகிராப்’ யந்திரத்தின் நிலை வேறு. பொய்க்குக் கிருமி கிடையாது. சுவாசம், நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், தோலின் வியர்வை ஆகியவற்றையே அந்த யந்திரம் குறிக்கிறது. நாடி பார்ப்பது நமக்குப் புதிதன்று. அதே சானடோரியத்தில்தான் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. ஆனால் நாடி பதறுவது குற்றத்தாலா, லாக்கப் பயத்தாலா என்று எந்த யந்திரம் சொல்லும்?

அமெரிக்க தேசீய ஆராய்ச்சிக் கௌன்சில் 2003-ல் வெளியிட்ட அறிக்கை இதைக் கணக்கிட்டே காட்டிற்று. 10,000 உத்தியோகஸ்தரில் 10 பேர் ஒற்றர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 8 பேரைப் பிடிக்க வேண்டுமானால், ஏறக்குறைய 1,600 நிரபராதிகளும் கூடவே அகப்படுவார்கள். இரண்டு ஒற்றர் தப்பியும் விடுவார்கள்! அபூர்வமான வியாதியைத் தேடி ஊர் முழுவதையும் சோதிக்கும் வைத்தியருக்கும் இத்தொல்லை உண்டு. ஆயினும் அவர் கையில் மறு சோதனை இருக்கிறது. போலீஸாருக்கோ பெரும்பாலும் குற்ற ஒப்புதல் ஒன்றே மறு சோதனை. யந்திரத்தைக் காட்டி மிரட்டியே அவ்வொப்புதலைப் பெறவும் கூடும்.

சம்மதமின்றி இச்சோதனையை எவர் மீதும் நடத்தலாகாது என்று செல்வி வழக்கில் 2010 மே 5-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சம்மதத்துடன் நடந்தாலும் முடிவு மட்டும் ஸாக்ஷியமாகாது. 2012-ல் நடந்த திருச்சி ராமஜெயம் கொலை வழக்கில், சந்தேகத்துக்குள்ளான 12 பேரை அவர்கள் சம்மதத்தின் பேரில் 2023 ஜனவரியில் சென்னையில் சோதித்தார்கள். சோதனை முடிந்ததும் மர்மம் துலங்கிவிடவில்லை.

சம்மதம் என்பதும் எத்தன்மையது? மறுத்தால் ‘மடியில் கனம்’ என்று ஊர் பேசும். இசைந்தாலோ பயந்தவன் கதி அதோகதி. மாஜிஸ்திரேட் முன்னிலையில் சம்மதத்தைப் பதிவு செய்ய வேண்டும், வக்கீல் உதவி கிடைக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமைக் கமிஷன் 2000-ல் வகுத்த விதிகள் நல்லவையே. யந்திரம் தவறக்கூடிய அளவையும் அந்தப் பிரஜையிடம் மாஜிஸ்திரேட் தமிழில் எடுத்துரைத்து, அதன் பின்னரே அவன் கையெழுத்தை வாங்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.