ஒரு சுவிட்சுக்கு எதற்கு மொத்தத் தொகுதி?

சொகுசுக் கார்களின் பழுதுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஏர் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், ஏசி கம்ப்ரஸர் என்றுதான் பட்டியல் நீளும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இண்டிகேட்டர், வைப்பர் சுவிட்ச் அந்தப் பேச்சில் இடம்பெறுவதே இல்லை. ஆனால் காரிலுள்ள சுவிட்சுகளில் ஓட்டுநரின் விரல் ஓயாமல் தொடுவது அதைத்தான். ஒவ்வொரு திருப்பத்துக்கும், ஒவ்வொரு தூறலுக்கும், இரவில் எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் அதுதான் வேலை செய்கிறது. உள்ளே இருப்பவை சில உலோகத் தொடுமுனைகள், ஒரு ஸ்பிரிங், ஒரு பிளாஸ்டிக் நாக்கு, கொஞ்சம் கிரீஸ். தேயக்கூடிய பொருள், தேய்ந்தால் மாற்றவேண்டிய பொருள். அப்படியிருந்தும் சில கார்களில் இந்தச் சின்னப் பழுதுக்கு வரும் பில் உரிமையாளரைத் திகைக்க வைக்கிறது. அந்தத் தொகையில் சுவிட்சின் பங்கு குறைவு. சுவிட்சோடு சேர்த்துக் கட்டப்பட்டவற்றின் விலைதான் அதிகம். அந்தக் கட்டில் சில நியாயமானவை, சில நியாயமற்றவை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பில்லும் குறையும், கேட்கவேண்டிய கேள்வியும் புரியும்.

மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ124 காரை எடுத்துக்கொள்வோம். 1984 இறுதியில் ஜெர்மனியில் அறிமுகமானது. இந்தியாவில் 1995இல் புனேயில் பூட்டி விற்கப்பட்ட முதல் பென்ஸ் காரும் அதுவே. அதன் ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் உள்ள ஒரே தண்டில் இண்டிகேட்டர், ஹை பீம், வைப்பரின் வேகம், கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுவது எல்லாம் அடக்கம். மெக்கானிக்குகள் காம்பினேஷன் சுவிட்ச் என்று சொல்வது இதைத்தான். இந்தக் காரின் முன்கண்ணாடிக்கு இரண்டு வைப்பர் கிடையாது. ஒற்றைக் கைதான் நீண்டும் சுருங்கியும் கண்ணாடியில் சுமார் 86 விழுக்காட்டைத் துடைக்கிறது. ஆகவே சுவிட்ச் கைவிட்டால் மழையில் பார்வைக்கு மாற்று வழியே இல்லை. அவ்வளவு முக்கியமான அந்த சுவிட்சை மாற்றுவதோ எளிது. ஸ்டீயரிங்கைக் கழற்றினால் சில ஸ்க்ரூக்களில் நிற்கும் சுவிட்ச் கண்ணுக்குத் தெரியும். டாஷ்போர்டின் அடித்தட்டை இறக்கி அதன் பிளக்கைப் பிடுங்கிப் புதியதைப் பொருத்தினால் முடிந்தது. 1995 முதல் 2003 வரை வந்த பிஎம்டபிள்யூ ஈ39 ஐந்தாம் சீரிஸிலும் இதே மனப்பான்மையைக் காணலாம். இண்டிகேட்டர் தண்டு தனி, வைப்பர் தண்டு தனி, இரண்டும் கொக்கியில் மாட்டி நிற்பவை. எது பழுதோ அது மட்டும் கழன்று வரும்.

பிறகு ஸ்டீயரிங்கின் கழுத்தில் கூட்டம் சேர்ந்தது. ஓட்டுநருக்கான ஏர்பேக்கை 1980களின் தொடக்கத்திலேயே பென்ஸ் தன் எஸ் கிளாஸ் கார்களில் கொண்டுவந்துவிட்டது. சுழலும் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் ஏர்பேக்குக்கு அறுபடாமல் மின்சாரம் போகவேண்டும். அதற்காகத்தான் நாடாபோன்ற கம்பியைச் சுருட்டி வைத்த கிளாக் ஸ்பிரிங் என்னும் வட்டப் பெட்டி சுவிட்சின் மேல் வந்து உட்கார்ந்தது. 1995இல் பாஷ் நிறுவனத்தின் ஈஎஸ்பி என்னும் சறுக்கல் தடுப்பு ஏற்பாடு பென்ஸ் கார்களில் புகுந்தபோது, ஓட்டுநர் வண்டியை எந்தத் திசைக்குத் திருப்ப நினைக்கிறார் என்று அறிய ஸ்டீயரிங் கோண சென்ஸார் தேவைப்பட்டது. அதுவும் அதே கழுத்துப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. 2001இல் வந்த பிஎம்டபிள்யூ ஏழாம் சீரிஸில் இண்டிகேட்டர் தண்டு தள்ளிய இடத்தில் நிற்பதையே விட்டுவிட்டது. விரலை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பிவிடும். எந்தப் பக்கம் தள்ளினோம் என்பதை மின்னணுப் பெட்டிதான் நினைவில் வைத்துக்கொள்ளும். இன்றைய சொகுசுக் கார்கள் பலவற்றில் தண்டு ஒரு வேண்டுகோளை மட்டும் அனுப்புகிறது. விளக்கை எரிப்பதும் வைப்பரை ஓட்டுவதும் வேறோர் இடத்திலுள்ள கணினி. தண்டு, கிளாக் ஸ்பிரிங், கோண சென்ஸார், மின்னணுப் பலகை எல்லாவற்றையும் ஒரே கூட்டில் அடைத்து ஸ்டீயரிங் காலம் மாடியூல் என்று ஒரே பாக எண்ணில் விற்கும் வழக்கம் இப்படித்தான் வந்தது. ஒரு பிளாஸ்டிக் நாக்கு உடைந்தாலும் முழுக் கூட்டையும் வாங்கவேண்டிய நிலை உருவானதும் இதனால்தான்.

இவ்வளவு விலையுள்ள பாகத்தை மாற்றுவதற்கு முன் பழுது உண்மையில் அங்கேதானா என்று உறுதிசெய்யவேண்டும். பல ஒர்க்‌ஷாப்புகள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தால் பெரும்பாலும் ஒரு பல்பு போயிருக்கும். சுவிட்சின்மேல் குற்றம் இல்லை. நான்கு விளக்கும் சேர்ந்து துடிக்கும் ஹஸார்டு பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது சரியாக வேலை செய்து, இடமோ வலமோ மட்டும் எரியவில்லை என்றால் பல்புகள் நன்றாக இருக்கின்றன, சந்தேகம் சுவிட்சின் பக்கம் நியாயமாகத் திரும்புகிறது. வைப்பர் நிறுத்தியதும் கீழே போய்ப் படுக்காமல் பாதியிலேயே நின்றால் முதலில் பார்க்கவேண்டியது வைப்பர் மோட்டாருக்குள் இருக்கும் நிறுத்தத் தொடுமுனையை. ஹாரன் அடிக்கவில்லை, ஸ்டீயரிங்கிலுள்ள பொத்தான்கள் செத்துவிட்டன, கூடவே ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால் கிளாக் ஸ்பிரிங் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். டபிள்யூ124இல் இன்னொரு சிக்கலும் உண்டு. இண்டிகேட்டரின் துடிப்பையும், வைப்பர் விட்டுவிட்டு ஓடுவதையும், பின்கண்ணாடிச் சூட்டையும் ஒரே ரிலேதான் கவனிக்கிறது. இண்டிகேட்டரும் வைப்பரும் ஒன்றாகத் தகராறு செய்தால் காம்பினேஷன் சுவிட்ச்தான் என்று முடிவுகட்டத் தோன்றும். காரணம் அந்த ரிலேயாகவும் இருக்கலாம், ரிலேயை மாற்ற ஸ்டீயரிங்கைத் தொடவே வேண்டியதில்லை. சுவிட்சுக்கே உரிய அறிகுறிகள் வேறு. திரும்பி முடிந்தபின் இண்டிகேட்டர் தானாக அணையாதது, தண்டைப் பிடித்து ஆட்டினால் விளக்கு வந்து வந்து போவது, வைப்பரின் ஒரு வேகம் மட்டும் காணாமல் போவது, ஹை பீம் நிற்காமல் நழுவுவது. இவை தெரிந்தால் தயங்காமல் மாற்றலாம்.

மாற்றும் வேலையின் உண்மையான ஆபத்து ஏர்பேக்கில் இருக்கிறது. அது நொடியின் முப்பதில் ஒரு பங்கு அளவு நேரத்தில் விரிந்துவிடும். முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு தவறு செய்ய அதில் இடமில்லை. எனவே சக்கரங்களை நேராக நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அந்தக் காரின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருப்பது முதல் விதி. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும், அது வடியவேண்டும். கழற்றிய ஏர்பேக்கை அதன் முகப்பு உடம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி தூக்கவேண்டும், கீழே வைக்கும்போது முகப்பு வானம் பார்த்திருக்கவேண்டும். மல்டிமீட்டரால் அதைச் சோதிக்கவே கூடாது. ஸ்டீயரிங்கை இழுப்பதற்குமுன் அதற்கும் அது மாட்டியிருக்கும் அச்சுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொண்டால் திரும்ப மாட்டும்போது கோணாது. கிளாக் ஸ்பிரிங்கை நடுநிலையில் டேப் ஒட்டி அசையாமல் வைக்கவேண்டும். அந்த நாடாவுக்கு இரு பக்கமும் சில சுற்றுகள்தான் இடம், தப்பான நிலையில் மாட்டினால் முதல் யூ டர்னிலேயே அறுந்துபோகும். நடு போல்ட்டை டார்க் ரெஞ்சால் கையேட்டிலுள்ள அளவுக்கு முடுக்கவேண்டும். ஏர்பேக்கின் பிளக் முழுவதும் மாட்டப்படுவதற்கு முன் யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. திருப்பினால் பழுதுக்குறிப்பு பதிவாகி, ஸ்கேனரால் அழிக்கும்வரை எச்சரிக்கை விளக்கு எரியும். கோண சென்ஸார் உள்ள கார்களில் வேலை முடிந்ததும் நேர்நிலை எது என்று அதற்குச் சொல்லித்தரவும் வேண்டும்.

இவ்வளவு ஆபத்து இருப்பதால்தான் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர யாரும் தொடக்கூடாது என்கிறோம் என்பார்கள் தயாரிப்பாளர்கள். ஆபத்து உண்மைதான், வார இறுதிப் பொழுதுபோக்காக ஏர்பேக்கில் கைவைக்க வேண்டாம் என்பதே என் கருத்தும். ஆனால் மேலே சொன்ன விதிகள் அத்தனையும் பயிற்சியும் கையேடும் இருந்தால் எந்த நல்ல மெக்கானிக்கும் கடைப்பிடிக்கக் கூடியவை. ஆபத்தான வேலை என்றால் அதன் செய்முறையை மறைக்காமல் பரவலாகக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. மறைத்தால் மெக்கானிக் வேலையை விட்டுவிட மாட்டார், தெரியாமல் செய்வார். திருட்டைத் தடுக்கப் பாகங்களைக் கணினியில் பதிவுசெய்கிறோம் என்பது அடுத்த வாதம். சாவி, எஞ்சின் கட்டுப்பாடு போன்றவற்றுக்கு அது பொருந்தும். இண்டிகேட்டர் தண்டைத் திருடி யாரும் காரைக் கிளப்பிவிட முடியாது. போலிப் பாகங்கள் பற்றிய அச்சத்தை மட்டும் நான் முழுக்க ஏற்கிறேன். மட்டமான சுவிட்சின் தொடுமுனைகள் சூடேறி உருகும், மழைநாளில் கைவிடும். ஆனால் அசல் நாக்கோ அசல் தண்டோ தனியாகக் கிடைக்காதபோதுதான் போலிக்குச் சந்தை பிறக்கிறது. பென்ஸ் வாங்க முடிந்தவருக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டா என்று கேட்பவர்களும் உண்டு. புதிதாக வாங்கியவரிடம் இந்தப் பழுது அதிகம் வருவதில்லை. வருவது பல ஆண்டு கழித்து இரண்டாம், மூன்றாம் கையாக வாங்கியவரிடம். காரின் விலை வெகுவாகக் குறைந்திருக்கும், பாகத்தின் விலை குறைந்திருக்காது. அவர் பழுதோடு ஓட்டினால் ஆபத்து அவருக்கு மட்டும் இல்லை, அவர் பின்னால் வரும் பைக் ஓட்டிக்கும்தான்.

இது வெறும் உரிமையாளர் புலம்பல் என்றும் ஒதுக்கமுடியாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ உள்ளிட்ட 14 கார் நிறுவனங்கள் உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் கட்டுப்படுத்தியதாகக் கண்டு, சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஐரோப்பிய ஒன்றியமோ 2007ஆம் ஆண்டின் சட்டத்திலேயே பழுதுநீக்கும் தகவல்களை வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் தரவேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டது. நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தபோது வாகனத் துறையையும் அதில் சேர்த்தது, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையவாசலையும் திறந்தது. தொடக்கம் நல்லதுதான். இணையவாசலில் தொலைபேசி எண்ணும் உத்தரவாத விவரமும் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் பாகம் தனியாகக் கிடைக்கும், எந்த அளவு முடுக்கவேண்டும், கோண சென்ஸாரை எப்படிச் சீரமைப்பது என்பதெல்லாம் மறைமலை நகரிலோ மதுரையிலோ உள்ள ஒரு மெக்கானிக் நியாயமான கட்டணத்தில் பெறக்கூடியதாக இருக்கவேண்டும். செங்கல்பட்டு அருகே 2007 முதல் பிஎம்டபிள்யூ கார்களைப் பூட்டும் மாநிலம் இது. பூட்டத் தெரிந்த கைகள் இங்கே உண்டு.

வடிவமைப்பிலும் ஒரு மாற்றம் வேண்டும். ஏர்பேக் கம்பியும் கோண சென்ஸாரும் ஒரே கழுத்தில் இருப்பது இயல்பு, அதில் எனக்கு மறுப்பில்லை. விரல் தொட்டுத் தேய்க்கும் தண்டை மட்டும் தனியாகக் கழற்றும்படி வைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது. ஈ39இல் முடிந்தது இப்போதும் முடியும். தண்டையே ஒழித்துவிட்டுத் தொடுதிரைக்குப் போவது இதற்கு விடையாகாது. இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குக் கையால் தொட்டறியும் சுவிட்ச் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று, கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் 2026 முதல் பார்க்கத் தொடங்கியிருக்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 101ஆம் விதி வைப்பரைப் பற்றியது, 102ஆம் விதி இண்டிகேட்டரைப் பற்றியது. இரண்டில் ஒன்று வேலை செய்யாத காரைச் சாலையில் ஓட்டுவதும் விதிமீறல். எனவே பழுதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் முழுத் தொகுதியையும் மாற்றவேண்டும் என்று எஸ்டிமேட் நீட்டினால், எந்தச் சோதனையில் எது பழுது என்று தெரிந்தது, ரிலேயையும் பல்பையும் பார்த்தீர்களா, தண்டு மட்டும் தனிப் பாக எண்ணில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். மாற்றியபின் பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.