தவழத் தெரிந்தவள் ஏன் நடக்க வேண்டும்?

பதினோரு மாதத்தில் என் மகள் தவழ்வதில் புலி. கூடத்தில் விழுந்த சாவிக்கொத்தை நான் குனிந்து எடுப்பதற்குள் அது அவள் வாயில் இருக்கும். நினைத்த இடத்துக்கு நினைத்த வேகத்தில் போக முடிந்தவள், திடீரென்று கட்டில் காலைப் பிடித்து எழுந்தாள். இரண்டடி வைத்துத் தொப்பென்று உட்கார்ந்தாள். திரும்ப எழுந்தாள். நன்றாகத் தெரிந்த ஒன்று கைவசம் இருக்க, சரியாக வராத இன்னொன்றின் மேல் எதற்கு இந்தப் பிடிவாதம்?

பிறந்தநாளோடு சேர்த்து மொட்டை, காதுகுத்து வைத்திருந்தோம். வந்திருந்த உறவுக்காரர்களுக்கு வேறு கேள்வி இருந்தது. “இன்னும் நடக்கலையா? எங்க பேரன் பத்து மாசத்துலயே ஓடுனானே!” உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நல்ல உடல்நலத்தோடு வளர்ந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்கும் வயது அதில் 8.2 மாதத்தில் ஆரம்பித்து 17.6 மாதம் வரை நீள்கிறது. முழங்கால் ஊன்றித் தவழாமலேயே நடைக்குப் போனவர்களும் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல் இருந்தார்கள். பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், கை தட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம், நடந்து வரச்சொல்லும் வருகைக்கு ஓராண்டை ஒட்டிய காலம் என்று வகுத்தார்கள். பாட்டுக்கு அந்த வரிசை அழகுதான். தொட்டிலில் கிடப்பவர்கள் இலக்கணம் பார்ப்பதில்லை.

நடை பற்றிய கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பவர் நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் கேரன் அடால்ஃப். அவரும் குழுவினரும் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை ஓர் அறையில் தம் போக்கில் விளையாட விட்டு, ஒவ்வோர் அடியையும் எண்ணி, 2012இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். சராசரியாக மணிக்கு 2,368 அடிகள், ஏறக்குறைய 700 மீட்டர் தூரம், 17 தடவை விழுதல். ஒரு நாளில் ஆறு மணி நேரம் இப்படித் திரிவதாக வைத்துக்கொண்டால் 14,000 அடிகளும் நூறு விழுதல்களும் ஆகின்றன. மருத்துவர் சொன்னார் என்று காலையில் பூங்காவைச் சுற்றும் பெரியவர்களில் எத்தனை பேருக்கு அந்த எண்ணிக்கை தேறும்?

அதே ஆய்வில் தேர்ந்த தவழிகளையும் புதிதாக நடப்பவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மணிக்கணக்குப்படி புது நடையர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். ஆனால் அவர்கள் நகரும் நேரமும் அதிகம், கடக்கும் தூரமும் அதிகம். அவற்றைக் கணக்கில் சேர்த்தால், தவழ்பவரைவிட நடப்பவர் கூடுதலாக விழுவதில்லை. அதே அளவு அடிபட்டு, அதிகத் தூரம் போகலாம். பிறகு ஏன் தவழ வேண்டும்?

போதாததற்குப் பார்வையும் மாறுகிறது. குழந்தைகளின் தலையில் சிறு கேமராவைப் பொருத்திப் பார்த்தபோது, தவழும் குழந்தைக்குப் பெரும்பாலும் தரைதான் தெரிந்தது. எழுந்து நடக்கும் குழந்தைக்கு அறையும் எதிரில் நிற்பவர் முகமும் தெரிந்தன. பொருளை எடுத்துவந்து நம்மிடம் நீட்டுவதும் நடை வந்தபின் கூடுகிறது. எங்கள் வீட்டுத் தோசைக்கரண்டி அந்த நாட்களில் அடுக்களையில் தங்கியதே இல்லை.

இந்த லாபத்துக்கு ஒரு விலை உண்டு. அடால்ஃப் அதையும் அளந்திருக்கிறார். சரிவைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரு சாய்தளத்தில் குழந்தைகளை மாதக்கணக்கில் இறக்கிப் பார்த்த ஆய்வு அது. 1997இல் வெளிவந்தது. தவழத் தொடங்கிய புதிதில் எந்தச் சரிவானாலும் தலைகுப்புறப் பாய்ந்தார்கள். கூடவே நின்ற ஆய்வாளர் தாங்கிப் பிடித்தார். வாரங்கள் போகப்போக எது தாங்கும், எது தாங்காது என்று பழகி, செங்குத்தான சரிவின் விளிம்பில் நின்றுவிட்டார்கள், அல்லது பின்பக்கமாகச் சறுக்கி இறங்கினார்கள். நடை வந்ததும் இத்தனை அனுபவமும் போன இடம் தெரியவில்லை. விளிம்பில் நிற்காமல் காலை எடுத்து வைத்தார்கள். ஒரே நாளில், ஒரே சரிவில், முழங்காலிட வைத்தால் தயங்கிய குழந்தை நிற்க வைத்தால் தயங்கவில்லை. ‘இங்கே பள்ளம்’ என்று பொதுவாக ஓர் அறிவு அதனிடம் சேரவில்லை. தவழும் உடம்புக்கு எது முடியும் என்பதைத்தான் அது கற்றிருந்தது. நிற்கும் உடம்புக்கு எடை விழும் இடம் வேறு, கண் இருக்கும் உயரம் வேறு. பாடம் முதலிலிருந்து. எங்கள் வாசல்படியில் அழகாகப் பின்பக்கமாக இறங்கப் பழகியிருந்தவள், நடக்கத் தொடங்கிய வாரத்தில் காற்றில் கால் வைத்தபோது, இதைப் படித்திருந்ததால் எனக்குப் புரிந்தது. படித்திருந்ததால் நெஞ்சு படபடக்காமல் இல்லை.

ஒன்றைப் பெறும்போது கையில் இருந்த ஒன்றை விட்டுவிடுவது இந்த வயதின் வழக்கம் போலும். உறவினர்கள் படிக்கட்டாகப் பார்க்கும் வளர்ச்சியில் இறங்கும் படிகளும் இருக்கின்றன. பிறந்த குழந்தையை அக்குளில் பிடித்துப் பாதம் தரையில் பட நிறுத்தினால், நடப்பதுபோல் காலை மாற்றி மாற்றி எடுத்து வைக்கும். இரண்டு மாதத்தில் அது மறைந்துபோகும். மூளை முதிர்வதால் மறைகிறது என்றுதான் வெகுநாள் நம்பினார்கள். எஸ்தர் தெலனும் உடன் ஆய்வாளர்களும் 1984இல், குழந்தைகளைக் கால்கள் நீரில் மூழ்கும்படி நிறுத்தினார்கள். அடியெடுப்பு கூடியது. கொழுகொழுவென்று சதைபிடித்த காலைத் தூக்கத் தசைக்கு வலு போதவில்லை, அவ்வளவுதான். நீர் அந்த எடையைத் தாங்கிக்கொண்டது.

அந்த வலு தன் எடையைத் தானே சுமந்துதான் வரும். உள்ளே உட்காரவைத்து உருட்டிவிடும் பிளாஸ்டிக் வாக்கர்மேல் எனக்கு மரியாதை இல்லாததற்குக் காரணம் இதுதான். குழந்தை இருக்கையில் தொங்குகிறது, நுனிக்காலால் உந்துகிறது, படியோரம் வரை வேகமாகப் போய்விடுகிறது. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. தச்சர் செய்து தரும் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு வகை. குழந்தை பின்னால் நின்று, தன் காலில் எடையைத் தாங்கி, அதைத் தள்ள வேண்டும், விட்டால் உட்கார்ந்துவிடலாம். சக்கரம் ரொம்ப வழுக்கினால் மட்டும் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லது.

இழப்புகளில் என்னை நேரடியாகத் தாக்கியது காலை நேரத்து அமைதி. முன்பெல்லாம் நான் கதவைச் சாத்தியதும் ஆள் மறந்துவிடுவாள். ஓராண்டு நெருங்கியபோது, செருப்பு மாட்டும் சத்தத்துக்கே அழுகை. தன் மூன்று பிள்ளைகளையும் உட்கார்ந்து கவனித்து எழுதிய இன்னொரு அப்பா, சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே, மறைந்த பொருளும் எங்கோ இருக்கிறது என்று குழந்தை படிப்படியாக அறிவதை விவரித்தார். (இந்த அப்பாக்கள் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தபோது துணி அலசியது யார் என்று வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி.) துண்டுக்கு அடியில் இருந்த பொம்மையை அடுத்த துண்டுக்கு மாற்றிவிட்டுச் சற்றுத் தாமதித்தால், எட்டு மாதக் குழந்தை பழைய இடத்திலேயே தேடும். அந்தத் தாமதத்தை ஆய்வாளர் அடேல் டயமண்ட் அளந்தார்: ஏழரை மாதத்தில் இரண்டு நொடிக்குள்ளேயே தடுமாறும் குழந்தை, 12 மாதத்தில் பத்து நொடிக்கு மேல் தாக்குப்பிடிக்கிறது. வாசலைத் தாண்டிய அப்பா தெருவில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டவள் அழாமல் என்ன செய்வாள்?

காதிலும் ஒரு கழிவு நடக்கிறது. கனடாவின் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் காட்டியது இது: ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் ‘த’, ‘ட’ வேறுபாட்டை நன்றாகப் பிரித்தறிகின்றன, ஓராண்டு நெருங்கும்போது பெரும்பாலானவற்றுக்கு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இந்திச் சூழலில் வளர்பவர்களுக்குத் தங்கிவிடுகிறது. பட்டும் பத்தும் என் மகளுக்குக் குழம்பப்போவதில்லை. தமிழுக்கு வேண்டாத ஏதோ சில ஒலிகளை அதே வாரங்களில் அவளும் உதறியிருப்பாள். எவை என்று வீட்டில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. எங்களுக்கே அவை கேட்காது. பட்ரீஷியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளை நேரில் விளையாடியவரிடம் கற்றுக்கொண்டன. அதே பேச்சை வீடியோவில் பார்த்தவை கற்கவில்லை. சோறூட்டக் கைப்பேசியை நீட்டுபவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். என்னை முறைத்தார்கள்.

இழப்பது பிள்ளை மட்டுமல்ல. பிலிப்பைன்ஸின் செபுவில் 624 இளைஞர்களைப் பின்தொடர்ந்து 2011இல் வந்த ஆய்வில், அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. நாளில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அப்பாக்களிடம் அது இன்னும் தாழ்வாக இருந்தது. மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். பத்திரமாக இருந்தது.

ஒரே ஒரு வகை இழப்பை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஓராண்டை ஒட்டிக் குழந்தை ஆட்காட்டி விரலை நீட்டுகிறது. சில சமயம் அது ‘எடுத்துக் கொடு’ என்ற கட்டளை. சில சமயம் நிலாவையோ காகத்தையோ நாமும் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும். பெயர் சொன்னால் திரும்புவது, கை தட்டுவது, டாட்டா காட்டுவது, இப்படி விரல் நீட்டுவது ஆகியவை வந்தபிறகு நின்றுபோனாலோ, அல்லது வரவே இல்லாமல் மாதங்கள் கடந்தாலோ, 18 மாதம் ஆகியும் நடை வராவிட்டாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசுனாரு’ என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், வளர்ச்சித் தாமதத்தைப் பரிசோதித்துப் பயிற்சி தரும் மையங்கள் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் அமைக்கப்பட்டிருக்கின்றன. பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.