காயம்பட்ட பால்மரத்தில் ஒரு பேனா

மறுநடவுக்குப் பால்மரங்களைச் சாய்த்ததும் கட்டைகள் லோரி ஏறிப் போவதைக் கைகட்டிப் பார்த்து நிற்கிறோம். 1877-இல் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்த கன்றுகளின் வம்சம் அது. முன்பு விறகாக எரித்தோம். 1980-களிலிருந்து மேசை நாற்காலியாகிக் கப்பல் ஏறுகிறது. நமக்கென்று ஒரு துண்டு வேண்டாமா?

அம்மா 28 வருஷம் சீவிய நிரையைச் சாய்த்தபோது, தண்டலைக் கேட்டு ஒரு முழக் கட்டையை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். முடிச்சு முடிச்சாகப் புடைத்த கட்டை.

“அதை ஏன்டா கொண்டாந்தே? நான் காயம் பண்ணின மரம்டா அது. அதுக்காகப் பெரட்டுல எல்லார் முன்னாலயும் ஏச்சு வாங்கினேன்” என்றார்.

கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் பட்டுவிட்டால், ஆறும்போது அந்த இடம் புடைத்துக்கொள்ளும். உள்ளே நார் நேராகப் போகாமல் சுழன்று வளரும். பேனாவுக்கு அந்தச் சுழிதான் அழகு!

பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். பச்சையாக வைத்தால் வண்டு துளைக்கும், நீலப் பூசணம் பிடிக்கும். அதனால் முக்கால் அங்குலச் சதுரக் குச்சிகளாக அறுத்து, வெண்காரம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் சில மாதம் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும். (லேசாக நீலம் படிந்த குச்சியை நான் வீசுவதில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.)

சரி, கடைசல் இயந்திரத்துக்கு எங்கே போவது? கையில் பிடித்துத் துளை போடும் மின்சார டிரில் இருந்தால் போதும். 2 அடிப் பலகையில் அதைப் படுக்க வைத்து, கழுத்துக்கு அளவாக வெட்டிய கட்டையில் உட்காரவிட்டு, குழாய் இறுக்கும் இரும்புப் பட்டியால் இறுக்குங்கள். எதிரே ஒரு கட்டை. இரண்டு சட்டங்களுக்கு நடுவே அது முன்னும் பின்னும் நகரலாம், ஆடக் கூடாது.

அந்த எதிர்க்கட்டையில் துளை எங்கே போடுவது? இங்கேதான் நான் கோட்டை விட்டேன். அளந்து அளந்து இரண்டு கட்டைகள் பாழ். மயிரிழை விலகினாலும் பேனா கோணலாகச் சுற்றும். அளக்கவே வேண்டாம்! டிரில்லில் 7 மில்லிமீட்டர் அலகை மாட்டி ஓடவிட்டு, எதிர்க்கட்டையை அதன்மேல் மெல்லத் தள்ளுங்கள். டிரில் தன் நேரை தானே போட்டுக்கொள்ளும். பேனாச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் 7 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய் ஒன்றை அந்தத் துளையில் செருகிக் கொஞ்சம் கிரீஸ் தடவினால், கம்பி சுற்றத் தோதான இடம் தயார்.

மரக்குச்சியையும் அதே அலகால் துளையுங்கள். அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்டாவிட்டால் சூடேறிப் பிளக்கும். துளையில் பித்தளைக் குழாயை ஒட்டி, பசை காய்ந்தபின் 6 மில்லிமீட்டர் மரைக்கம்பியில் கோத்து இரு பக்கமும் நட்டுப் போட்டு இறுக்குங்கள். கம்பியின் ஒரு முனை டிரில்லில், மறுமுனை எதிர்க்கட்டையில். முனைகளை முதலில் கத்தியால் சீவிவிட்டு, மர அரத்தால் மெதுவாக உருட்டி, 80, 120, 240, 400 என்று மணல்தாளை மாற்றி மாற்றித் தேயுங்கள். அழுத்த வேண்டாம், டிரில் பக்கவாட்டுப் பாரத்துக்குச் செய்ததல்ல. தோளில் துண்டு, கையில் உறை, தொங்கும் சட்டைக் கை எதுவும் ஆகாது. என் துண்டை அது ஒரு சுற்று சுற்றியதை நான் மறக்கவில்லை. கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள்.

பேனாவை அம்மா கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காயம் எந்தப் பக்கம்டா?”

காட்டினேன். விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பேத்தி கேட்டும் கொடுக்கவில்லை. வெற்றிலைப் பெட்டியில் வைத்திருக்கிறார். மிச்சக் கட்டையில் இன்னும் ஆறு பேனா தேறும்.