பள்ளிக்கூடத்தின் தலைமையும் பெற்றோர் சபையும்

நமது ஐக்கிய சங்கத்துக்கு எசமானர் யார்? காரியதரிசியல்ல, பஞ்சாயத்தாருமல்ல, அங்கத்தினர் கூடும் மகாசபையே எசமானர் என்பதைச் சங்கத்தார் யாவரும் அறிவர். அப்படியாயின், நமது ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பொறுப்பு யாரைச் சேர்ந்தது? “தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விடுவது நம்மவர் வழக்கம். அவ்வழக்கம் எவ்வளவு அபாயமானது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2004-ம் வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையற் கொட்டகையில் பற்றிய தீ, வகுப்பறைகளின் கீற்றுக்கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. கூரை கீற்றால் வேய்ந்தது; படிக்கட்டோ குறுகியது. இவை ஒரே இரவில் முளைத்தவையல்ல. பலர் கண்ணிலும் பட்டவையே. பெற்றோரைக் குறை கூறுவது நியாயமன்று. பள்ளியைப் பார்வையிட்டு, “இதை மாற்றுக” என்று தீர்மானம் எழுதும் கடமையைச் சட்டம் அன்று அவர்களுக்கு அளித்திருக்கவில்லை.

இன்று அளித்திருக்கிறது. 2009-ம் வருஷத்திய இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன் 21-வது பிரிவின்படி அரசாங்கப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று அமைய வேண்டும். அங்கத்தினரில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோராகவும், சரிபாதியினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2022-ம் வருஷம் இக்குழுக்கள் 20 பேருடன் திருத்தியமைக்கப்பட்டன. 2024-ல் பழைய மாணவர்களையும் சேர்த்து 24 பேராக விரிந்தன. தலைமைப் பதவி தாய்மாரில் ஒருவருக்கே உரியது.

குழுவின் முக்கிய வேலைகள் மூன்று. பள்ளி நடைபெறும் விதத்தைக் கவனித்தல். பள்ளி அபிவிருத்தித் திட்டம் தயாரித்தல். வந்த பணம் எவ்வாறு செலவாயிற்று என்று பார்த்தல். சங்கத்தில் நாம் செய்யும் மேற்பார்வை, கடன் மதிப்பீடு, தணிக்கை ஆகிய மூன்றுமே இவை. சங்கத்தில் பழகிய கைக்குப் பள்ளிக்கூட வேலை புதிதன்று.

ஊரார் பள்ளிக்கு உதவுவதும் புதிதன்று. காமராஜர் முதன்மந்திரியாகவும், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகளில் கிராமத்தார் பணமும் பொருளும் மனமுவந்து அளித்தனர். அன்று நம்மைக் கேட்டது கொடையை; இன்று சட்டம் கேட்பது கண்காணிப்பை.

இதில் ஓர் இடர் உண்டு. முன்னொரு சமயம் ஒரு சங்கத்தைப் பார்வையிடச் சென்றேன். தீர்மானப் புஸ்தகத்தில் ஒன்பது கையெழுத்துக்கள் ஒழுங்காக இருந்தன. விசாரித்ததில், அந்தத் தேதியில் ஒன்பது பேரும் குறுவை நடவில் இருந்தனரென்றும், புஸ்தகமே வீடு வீடாகச் சென்று வந்ததென்றும் தெரிந்தது. அச்சங்கத்தின் தவணை தவறிய கடன் பெருகியதில் வியப்பில்லை. பள்ளிக் குழுவின் புஸ்தகமும் அப்படி வீடு வீடாகச் சென்றால், அங்கே நஷ்டமாவது பணமன்று, பிள்ளைகள்.

கூலிக்குச் செல்லும் தாயார் பகற் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். ஆகையால் நடவு, களையெடுப்பு, அறுவடை நாட்களில் அவர்கள் வரக்கூடிய வேளையைத் தலைமையாசிரியருடன் கலந்து முடிவு செய்தல் நலம். கூத்தாநல்லூர்ப் பகுதியில் ஆண்கள் கடல் கடந்து பிழைக்கும் குடும்பங்கள் பல. அங்கே வரவு செலவு, வழக்கு வியாஜ்யம் முதலிய யாவும் பெண்மக்கள் பொறுப்பிலேயே நடக்கின்றன. அத்தகையோருக்குப் பள்ளி நிர்வாகம் பாரமாகாது.

இதனால் தலைமையாசிரியரின் அதிகாரம் குறையுமோ என்று ஐயுற வேண்டாம். தனியாக ஒருவர் எழுதும் மனுவைக் காட்டிலும் ஊர் கூடிச் செய்த தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம். நல்ல தலைவருக்கு நல்ல சபை பலமேயன்றிப் பகையன்று.

ஆகவே, அடுத்த கூட்டத்துக்கு நேரில் சென்று நான்கு கேள்விகள் கேளுங்கள். கூரையும் மின்கம்பியும் பழுதின்றி உள்ளனவா? குடிநீரும் கழிப்பிடமும் உபயோகத்தில் உள்ளனவா? பள்ளிக்கு வருவதை நிறுத்திய பிள்ளைகள் யாவர்? வந்த பணத்துக்குக் கணக்கு எங்கே? விடைகளைத் தீர்மானப் புஸ்தகத்தில் எழுதச் செய்து, வாசித்துக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.