அடுக்குவதும் ஏற்பாடு செய்வதும்

மேசையில் சிதறிக் கிடக்கும் புத்தகங்களை அடுக்கி வைப்பதும் ‘அரேஞ்ச்’. அடுத்த வாரக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்வதும் ‘அரேஞ்ச்’. தமிழ் இரு சொற்களால் குறிப்பதை ஆங்கிலம் ஒரே வினைச்சொல்லில் அடக்கிவிடுகிறது. ‘வரிசை’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லே இதன் வேர். தொடக்கத்தில் போர்க்களத்தில் படையை அணிவகுப்பதைக் குறித்த இச்சொல், நாளடைவில் வரப்போகும் காரியங்களை ஒழுங்குபடுத்துவதையும் குறிக்கலாயிற்று.

இசையிலும் இதற்கு இடமுண்டு. ஒரு கருவிக்காக எழுதப்பட்ட இசையை வேறு கருவிகளுக்கு ஏற்ப மாற்றியமைப்பது ‘அரேஞ்ச்மென்ட்’. முஸோர்க்ஸ்கி 1874-இல் பியானோவுக்காக எழுதிய ‘கண்காட்சியில் ஓவியங்கள்’ என்ற படைப்பை, ரவேல் 1922-இல் இசைக்குழுவுக்காக மாற்றியமைத்தது புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

நம்மில் பலர் தவறுவது ஒரு சிறு சொல்லில். ‘ஐ அரேஞ்ச்டு எ மீட்டிங்’ என்பது சரி. ஆனால், இன்னொருவர் ஒன்றைச் செய்ய ஏற்பாடு செய்தால் ‘ஃபார்’ கட்டாயம்: ‘ஐ அரேஞ்ச்டு ஃபார் ஹிம் டு கம்’. ‘ஐ அரேஞ்ச்டு ஹிம் டு கம்’ என்பது பிழை.

பன்மையிலும் கவனம் தேவை. ‘அரேஞ்ச்மென்ட்ஸ்’ என்றால் பெரும்பாலும் முன்னேற்பாடுகள். ‘வீ ஹேவ் அன் அரேஞ்ச்மென்ட்’ என்றாலோ, எங்களுக்குள் ஓர் உடன்பாடு இருக்கிறது என்று பொருள்.

அலுவலகக் கடிதங்களில் வரும் ‘கைண்ட்லி அரேஞ்ச் டு செண்ட்’ என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால், எந்த நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பதை அது சொல்வதில்லை; கடிதம் கோப்பிலேயே உறங்கிவிடக்கூடும். ‘ப்ளீஸ் செண்ட் இட் பை ஃப்ரைடே’ என்று எழுதிப் பாருங்கள். காரியத்துக்கு நாள் குறிப்பதே ஏற்பாட்டின் முதல் படி.